ஏழு தரம் சூடாக்கிய ஆட்டிறைச்சி

மன்னாரிலிருந்து ஜெர்மனியின் வுப்பர்டாலுக்கு வந்த அருட்பிரகாசம், எமிலியோ என்ற ஸ்பானியரின் உணவகத்தில் ஆறு வருடம் கோப்பை கழுவினார். கழுவியவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் அந்த ஊர் ஆற்றுக்கு மேலே ஓடும் தொங்கு ரயிலையே மறித்திருக்கலாம்.

தொண்ணூற்று நாலில் அங்கே சமைத்தவர் விலகினார். இனி அடுப்பில் யார் என்று கேட்டபோது அருட்பிரகாசம் கையைத் தூக்கினார். எமிலியோ ஒரு நிபந்தனை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு போத்தல் ரியோஹா வைனோடு இவர் வீட்டுக்கு வருவாராம். அதற்குப் பொருந்த ஒரு கறி வைத்தால் அடுப்பு இவருக்கு. மரப்பீப்பாயில் கிடந்து முதிர்ந்த அந்தச் சிவப்பு வைனுக்கு ஆட்டிறைச்சி, சுட்ட குடைமிளகாய், செம்மறிப் பாற்கட்டி எல்லாம் உறவு, உறைப்பு மட்டும் பகை என்றும் சொல்லியனுப்பினார். இவர் ஆட்டிறைச்சியை மட்டும் காதில் வாங்கினார்.

பழகிய குடும்பம் என்பதால் அந்த ஞாயிறு கத்தரிக்காய் பொரித்துக்கொடுக்க நானும் போயிருந்தேன். இவர் போட்ட மிளகாய்த்தூளில் பக்கத்து வீட்டு ஜெர்மன்காரியின் பூனை மூன்று நாள் தும்மியது.

எமிலியோ சரியாக ஒரு மணிக்கு வந்தார். போத்தலைத் திறந்தார், ஒரு மிடறு குடித்தார், கிளாசை ஓரமாக வைத்தார். வைன் சாப்பாட்டோடு குடிக்கிற சாமான், இறைச்சி வரட்டும் என்று அவர் காத்திருந்தார். குடித்து முடிக்கட்டும், பிறகு சோறு என்று இவர் காத்திருந்தார். எங்கள் ஆட்களின் வீடுகளில் அதுதானே சட்டம்? முதலில் போத்தலும் மிக்சரும், அது முடிந்தால்தான் சோறு.

மிக்சர் முடிந்தது. காலநிலை பற்றிய கதை முடிந்தது. கிளாஸ் மட்டும் அப்படியே இருந்தது. சமையலறையில் இவருடைய மனைவி அன்ரனிற்றா கறியை ஆறவிடுவதும் சூடாக்குவதுமாக நின்றாள். அடிப்பிடிக்காமலிருக்க ஒவ்வொரு தரமும் கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டாள். ஐந்தாம் தரம் கணவரை உள்ளே கூப்பிட்டு, சோற்றைப் போடட்டோ என்று கேட்டாள்.

"விசர்க்கதை கதையாதை. கிளாசிலை வைன் கிடக்கேக்கை சோறு போட்டால், எழும்பிப் போ எண்டு சொல்லுற மாதிரியெல்லோ?"

"அப்ப அந்த மனிசனைக் குடிக்கச் சொல்லுங்கோவன்."

இவர் போய்ச் சொன்னார். எமிலியோ மரியாதையாகச் சிரித்து, கிளாசை இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்தார். விருந்தாளி சாப்பாட்டை வாய்விட்டுக் கேட்பாரா? எனக்குத் தலை வெடித்தது. ஏழாம் தரம் சூடாக்கியபோது, உயிர் இருந்திருந்தால் அந்த ஆடே எழும்பி வந்து வைனைக் குடித்திருக்கும்.

நாலு மணிக்கு அன்ரனிற்றா முன்னறைக்கு வந்தாள். கோயிலில் குருவானவர் அப்பத்தில் தொட்டுத் தரும் துளியைத் தவிர வேறு வைன் அறியாதவள், எமிலியோவின் கிளாசைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்து, மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"முடிஞ்சுது. இப்ப போடலாமோ?"

அருட்பிரகாசத்தின் முகம் வெளுத்தது. அடுப்பு போயே போய்விட்டது என்று நானும் நினைத்தேன். எமிலியோ கிளாசை நிமிர்த்தி மறுபடி ஊற்றினார்.

கறி வந்தது. குழம்பாக வைத்தது சுண்டி, கறுத்து, நெய் கக்கியிருந்தது. பால் விட்டு விட்டு உறைப்பும் அடங்கியிருந்தது. அவர் ஒரு துண்டு சாப்பிட்டார், ஒரு மிடறு குடித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு துண்டு எடுத்தார். இது எவ்வளவு நேரம் அடுப்பில் நின்றது என்று கேட்டார்.

"மூன்று மணித்தியாலம். உங்களுடைய கிளாசாலை" என்று அன்ரனிற்றா ஜெர்மனில் சொன்னாள்.

திங்கட்கிழமை அருட்பிரகாசம் அடுப்பில் நின்றார். அந்த மூன்று மணிநேரப் பக்குவத்தைத் தானே கண்டுபிடித்ததாக இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். வீட்டில் சட்டமும் மாறவில்லை. அன்ரனிற்றா முன்னறைக்கு வந்தால் மட்டும் விருந்தாளிகள் எல்லாரும் அவரவர் கிளாசை அவசரமாகக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள்.