ஒரே கம்பியில் இரண்டு சுரம்

எங்கள் இசைப் பள்ளியில் அவரை எல்லாரும் ‘நகம் டீச்சர்’ என்றுதான் சொல்வார்கள். வலது கை நகங்களை வளர்த்து, தேய்த்து, கண்ணாடி மாதிரி வைத்திருப்பார். ஒன்று உடைந்தால் டேபிள் டென்னிஸ் பந்தில் ஒரு துண்டு வெட்டி, பசை போட்டு ஒட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்துவிடுவார். இருபத்திரண்டு வருடமாகக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறார்.

கிட்டாருக்கென்றே எழுதப்பட்ட இசை கொஞ்சம்தான். எங்கள் பள்ளியில் சொல்லிக்கொடுப்பதில் பாதி பியானோவிடமும் வயலினிடமும் வாங்கிய இரவல். கிட்டாருக்கு எழுதிய மேதைகளோ தங்கள் கையளவுக்கு எழுதிவிட்டுப் போனார்கள். எட்டு வயதுப் பிள்ளையின் சுண்டுவிரல் அதில் எட்டவே எட்டாது. “கை சின்னதுன்னா சங்கீதமும் சப்பையா இருக்கணுமா?” என்று கேட்ட டீச்சர், தானே எழுத ஆரம்பித்தார். பேருந்தில் மடிமேல், வீட்டில் வாஷிங் மெஷின்மேல் தாளை வைத்து, பதினோரு வருடத்தில் பதினான்கு இசை உருப்படிகள்.

அவற்றைப் புத்தகமாக்கித் தேர்வுக்கும் வைக்கலாம் என்றார் பள்ளி முதல்வர். அவர் பியானோக்காரர். டீச்சர் நம்பிக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். முதல் பக்கத்தைக் கணினியில் அடித்தது அலுவலக எழுத்தரான நான். முதல்வர் தந்த துண்டுச் சீட்டில் ‘இயற்றியவர்’ என்பதற்கு நேரே தன் பெயரையே எழுதியிருந்தார். டீச்சர் பெயர் ‘விரல் குறிப்பு’ என்பதற்கு நேரே. எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று எண் போடுகிற வேலை அது. எங்கள் ஊரிலிருந்து, எங்கள் வீட்டிலிருந்து முதல் பட்டதாரி நான். பட்டத்தில் அப்பா பெயர் ஓர் எழுத்துப் பிழையாக வந்ததற்கு நான்கு முறை பல்கலைக்கழகப் படியேறிச் சண்டை போட்டவன். அப்படிப்பட்டவன் வாயைத் திறக்காமல் அதை அடித்துக் கொடுத்தேன். நினைத்தால் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

புத்தகம் வந்த அன்று டீச்சர் முதல் பக்கத்தைப் பார்த்தார். மேலே புரட்டினார். ஒன்பதாம் உருப்படியில் நின்றவர், கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நேரே முதல்வர் அறைக்குப் போனார். கையெழுத்துக்குக் கோப்போடு நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

“சார், இந்த வரியை வாசிச்சுக் காட்டுங்க.”

“நான் பியானோ ஆளும்மா.”

“எழுதினது நீங்கதானே? விரலை எங்க வைக்கணும்னு சொல்லுங்க. நான் வாசிக்கிறேன்.”

“அந்த இடம் வெறிச்சுன்னு இருந்துச்சு. கீழே ஒரு சுரம் சேர்த்தேன். அதிலென்ன?”

பியானோவில் என்றால் இரண்டு கட்டைகளை அமுக்கினால் தீர்ந்தது. கிட்டாரில் டீச்சர் எழுதியது, அவர் சேர்த்தது என்ற அந்த இரண்டு சுரங்களும் தடித்த கடைசிக் கம்பியில் மட்டுமே உண்டு. ஒரு கம்பி ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும்.

“அடுத்தவ பிள்ளையைத் தூக்கிட்டு வந்தா, அதுக்கு எத்தனை கைன்னாவது தெரிஞ்சிருக்கணும் சார்.”

முதல்வர் குழைந்தார். “கோபப்படாதீங்க டீச்சர். ரெண்டு வாரத்துல தேர்வு. அந்த ஒரு இடத்தை மட்டும் திருத்திக் குடுத்துடுங்க. பின்னாடி ‘நன்றி’ன்னு உங்க பேரைப் பெருசா போட்டுடலாம்.”

“அதை ஏன் திருத்தணும்? புத்தகத்துல உங்க சொந்தச் சரக்கு அது ஒண்ணுதான்.”

எனக்கு அப்போதுதான் நாக்கு வந்தது. “முதல் பக்கத்தை இப்பவே மாத்தி அடிச்சுடறேன் சார்.”

“உன்னை யாருய்யா கேட்டா?”

டீச்சர் மேசையில் கிடந்த தன் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது: ‘தவிர்க்க இயலாத காரணங்களால்’ புத்தகம் திரும்பப் பெறப்படுகிறது. இருநூறு பிரதிகளும் படிக்கட்டுக்குக் கீழே குப்பையோடு போயின. உரியவர் பெயரைப் போடுவதைவிடப் புத்தகத்தையே புதைப்பது அந்த மனிதருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது! தேர்வில் பிள்ளைகள் பழைய உருப்படிகளோடு மல்லுக்கட்டின. விரல் எட்டாமல் ஒரு பெண் அழுதேவிட்டாள்.

“வேற பள்ளிக்கூடம் பாருங்களேன் டீச்சர்” என்றேன்.

“நான் எதுக்குப் போகணும்? திருடினது நானா?”

பெற்றோரும் வந்திருந்த ஆண்டு விழாவில் கிட்டார் வகுப்புக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். டீச்சர் தன் பதினான்கு உருப்படிகளையும் ஆளுக்கொன்றாக வாசிக்கப் பதினான்கு பிள்ளைகளை மேடையேற்றினார். முதல் வரிசையில் முதல்வர். ஒவ்வொரு பிள்ளையும் வாசிக்குமுன் டீச்சர் மைக் முன்னால் வந்து நின்றார்.

“இது நான் எழுதினது.”

பதினான்கு முறையும், ஒரு சொல் குறையாமல்.