இறக்கினால்தான் காசு

என் அக்கா ஒரு ஸ்கேன் சென்டரின் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறாள். நான் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்தபோதும் அதே நாற்காலியில்தான் இருந்தாள். அவளுக்கும் மேனேஜருக்கும் ஆகவே ஆகாது. கிளவுடில் பேக்கப்பை ஏற்றுவதற்குக் காசில்லை, இலவசம். திரும்ப இறக்கினால் பில் வரும். அதனால் இறக்கிச் சோதிப்பதற்கு அந்த மனுஷன் தடை போட்டிருந்தார்.

நேற்று நான் சாப்பாடு கொண்டுபோனபோது, நோயாளிகளின் ஸ்கேன் படங்கள் இருந்த விர்ச்சுவல் மெஷின் படுத்திருந்தது. வாசலில் படம் கேட்டு ஒரே கூச்சல்.

"படம் வரலைன்னா நீ வீட்டுக்குக் கிளம்பிடு," என்றார் மேனேஜர்.

"வாய மூடிக்கிட்டு நில்லுங்க சார். பேக்கப் இறங்கிட்டிருக்கு."

இரண்டு மணி நேரத்தில் மெஷின் எழுந்தது. ஒரு படம்கூடக் குறையவில்லை. நன்றி சொல்ல வேண்டிய வாய், "எப்படி இவ்வளவு கச்சிதமா வந்துச்சு?" என்றது.

"மாசாமாசம் இறக்கிச் சோதிச்சேன். மார்ச்சுல பாத்தா, படம் இருக்கற டிஸ்க்கே பேக்கப்புல இல்ல. அப்பவே சேத்தேன்."

"யாரக் கேட்டு இறக்கின? பில்லு?"

"நீங்கதான் படிக்காமலே கையெழுத்துப் போட்டீங்க."

மாலையில், தடையை மீறியதற்கு மெமோ வந்தது. இன்னொரு முறை இறக்கினால் வேலை போகும் என்று எழுதியிருந்தது. அக்கா கையெழுத்திட்டு வாங்கி, அதை ஸ்கேன் செய்து, அவர் கண்ணெதிரிலேயே கிளவுடில் ஏற்றினாள்.

"ஏத்தத்தான் காசில்லையே சார்," என்றாள். "அடுத்த தடவ மெஷின் படுத்தா, நீங்களே இறக்குங்க."