இடுப்பில் டோல் கட்டிய வைஜயந்தி

மராத்தி ஊரான நிக்டியில் மற்ற பெண்கள் கண்ணீர் விட ஆயிரம் காரணம் வைத்திருந்தார்கள். வங்கி அதிகாரி வைஜயந்திக்கு ஒன்றே ஒன்றுதான். ஐம்பது தாண்டிய வயதில் டோல் என்கிற அந்தப் பெரிய மேளத்தை இடுப்பில் கட்டி, கணபதி ஊர்வலத்தில் அடித்துக்கொண்டு போக வேண்டும் என்ற ஆசை.

பயிற்சிக்குப் போன முதல் வாரமே டோல் அவளை அடித்துப் போட்டது. கை துவண்டது, உட்கார்ந்த இடத்தில் தூங்கினாள். இரத்தத்தைச் சோதித்த டாக்டர் நீலா, தைராய்டு குறைவு என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

சில நாள் விழுங்கிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கணவர் மகாதேவன் இன்சுலின் போட்டுக்கொண்டால் சற்று நேரத்தில் சர்க்கரை இறங்குகிறது. இந்த மாத்திரைக்கு மட்டும் என்ன கேடு? அட்டையோடு குப்பையில் எறிந்தாள்.

அதைப் பொறுக்கி எடுத்தார் மகாதேவன். அவர்களுடைய தாம்பத்தியத்தில் அவர் காட்டிய ஒரே வீரம் அதுதான். மாத்திரையையும் மனைவியையும் டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

நீலா பக்கத்து ஊரான கட்கியில் வளர்ந்த தமிழ்ப்பெண். "இன்சுலின் செல்லோட வாசல்ல நின்னு மணி அடிக்கும், மாமி. உள்ள இருக்கறவா உடனே வேலையை ஆரம்பிச்சுடுவா. தைராய்டு ஹார்மோன் சம்பந்தியம்மா மாதிரி. நேரா உள்ள போய், மரபணு இருக்கற அறையிலேயே உட்கார்ந்துண்டு சமையலையே மாத்தும். அதுக்கு வாரக்கணக்காகும்."

"நாளைக்கு செலக்‌ஷன். சம்பந்தியம்மா வரவரைக்கும் அம்ருதா காத்துண்டிருப்பாளா?" அம்ருதா மேளக் குழுவின் தலைவி. வைஜயந்தியின் மகள் வயது, தளபதியின் குரல்.

"பயமா இருக்கா?"

"கை நடுங்கறது."

"அது அட்ரினலின். அதுவும் வாசல்ல மணி அடிக்கற ரகம், நொடியில வேலை நடக்கும். நாளைக்குப் பயம் பார்த்துக்கும். ஊர்வலத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, அதை மாத்திரை பார்த்துக்கும். ஒழுங்கா முழுங்குங்கோ."

மறுநாள் அம்ருதா பெயரைக் கூப்பிட்டதும், டோலை முந்திக்கொண்டு வைஜயந்தியின் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. தாளம் ஓரிடத்திலும் பிசகவில்லை. முடிந்ததும் டோலோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊர்வலத்தன்று இப்படி உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் கிடையாது காகூ என்று, மாமியை அழைக்கும் மராத்திச் சொல்லோடு எச்சரித்துவிட்டு, அம்ருதா அவளுக்குக் கடைசி வரிசையில் இடம் கொடுத்தாள்.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை. அதன்பின் ஒரு மணி நேரம் காபி கிடையாது. இந்தத் தியாகத்துக்கு ஊரில் யாரும் சிலை வைக்கவில்லை.

சிஞ்ச்வட்டில் ஊர்வலம் முடிந்தபோது இளசுகள் நடைபாதையில் சாய்ந்து கிடந்தார்கள். வைஜயந்தி வீங்கிய விரல்களைப் பார்த்துக் கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தெரு போகலாமா என்று அம்ருதாவைக் கேட்டாள்.