அருளாயி வாயை மூடிய கதை

ஒரத்தநாட்டுப் பக்கம் இருக்கும் அந்தச் சின்ன மாதா கோயிலுக்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவார். மற்ற ஆறு நாளும் கடவுளோடு பேசுவது அருளாயியின் பொறுப்பு. சாயங்காலம் மைக்கைப் பிடித்தால் செபமாலை, பிரார்த்தனை, கடைசியில் ஊர்க்காரர்களின் விண்ணப்பங்கள். காணாமல்போன ஆடு, வராத விசா, மருமகளின் வாய், எல்லாம் குழாய் ஸ்பீக்கர் வழியாக மேலே போகும். விண்ணப்பம் கொடுப்பதில் மட்டும் ஊருக்குச் சாதியும் கிடையாது, மதமும் கிடையாது.

அவளுக்கு முன்னால் அங்கே செபம் சொல்லிவந்தவர் அவள் கணவர் சவுரிமுத்து உபதேசியார். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் இறந்தபோது, சொல்ல வேறு ஆள் இல்லையென்று அவர் தலைமாட்டிலும் அருளாயியே செபமாலை சொன்னாள். ஒரு மணிகூடப் பிசகவில்லை. "என்னமா சொன்னீங்க!" என்று ஊரே மெச்சியது. மெச்சுகிற இடமா அது? அன்றைக்கு அழாதவள் பிறகும் அழவில்லை. அழுகை தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதை இறக்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

தஞ்சாவூரில் நடந்த தியானக் கூட்டத்தில் ஒரு சிஸ்டர் மௌன செபம் சொல்லிக்கொடுத்தார். கண்ணை மூடி ஒரே ஒரு சொல்லை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். நினைப்பு ஓடினால் அந்தச் சொல்லுக்குத் திரும்ப வேண்டும். எதையும் கேட்கக் கூடாது. இருபது நிமிஷம்.

அருளாயி 'இயேசுவே' என்று ஆரம்பித்தாள். பழக்கதோஷம், பின்னாலேயே 'இரக்கமாயிரும்' வந்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பிரார்த்தனை முழுவதும் வந்தது. மூன்றாம் நாள், மைக்கை அணைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நாக்கு வழிக்கு வந்தது.

ஊர்தான் வழிக்கு வரவில்லை. புரட்டாசி மாசம். மருதையனின் குறுவை நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் வெட்டவெளியில் கிடந்தது, மழை வரக் கூடாது. பிரகதீஸ்வரி சம்பாவுக்கு நேரடி விதைப்புச் செய்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மழை வந்தே ஆக வேண்டும். மைக்கில் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்த வரைக்கும் தகராறு இல்லை. இப்போது வாயை மூடிக்கொண்டு என்ன சொல்கிறாளோ!

"அந்தம்மாவுக்கு மட்டும் ரகசியமா கேக்குறீங்களா?" என்றான் மருதையன். வாயில் தண்ணீரோடு அருளாயி தலையை ஆட்டினாள்.

"இது ஆமாவா, இல்லையா?" என்று அவன் குதித்தான்.

மறுநாளிலிருந்து இருவரும் காவலுக்கு வந்து, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அவள் உதட்டையே பார்த்தார்கள்.

ஒரு வாரம் இப்படிப் போனது. எட்டாம் நாள் அருளாயிக்குள் எல்லாம் ஓய்ந்து, சவுரிமுத்துவின் முகம் வந்தது. சொல்லுக்குத் திரும்ப வேண்டும் என்று தெரியும். அவள் திரும்பவில்லை. வாய்த் தண்ணீர் மடக்கென்று உள்ளே போனது. கண் நிறைந்தது. முதலில் சத்தமில்லாமல் அழுதாள், பிறகு குலுங்கிக் குலுங்கி.

"போச்சு, மழை வரப்போவுது!" என்று மருதையன் தார்ப்பாய் தேடி ஓடினான். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

பிரகதீஸ்வரி முகமெல்லாம் சிரிப்பாகக் கிட்டே நகர்ந்தாள். "எனக்காகத்தானே அழுவுறீங்க அக்கா?"

அருளாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு செத்துட்டாரும்மா," என்றாள், இப்போதுதான் சேதி வந்ததுபோல.

பிரகதீஸ்வரி, சாவு வீட்டில் செய்வதுபோலவே, அருளாயியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கூடச் சேர்ந்து அழுதாள்.