குற்றாலிங்கத்தின் இடது கை

வண்ணார்பேட்டையில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் குற்றாலிங்கம் தொண்ணூற்று நாலில் கிட்டார் வாங்கினார். அதுவரை அவர் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை.

"இடது கை நகத்த ஒட்ட வெட்டணும் வே. தெனமும் அரைமணி நேரம் கம்பியை அமுக்குனா விரல் நுனி காய்ச்சுப் போவும். அப்புறம் வலிக்காது" என்று எனக்குப் பாடம் எடுப்பார்.

"எங்க காது எப்பம் வே காய்ச்சுப் போவும்?" என்றேன்.

ஒரு வருஷமாகியும் பாட்டு வரவில்லை. விரல் நுனிகள் மட்டும் சைக்கிள் டயராகிவிட்டன. அவர் மனைவி சண்முகவடிவு விடுவாளா? கல்லிலிருந்து தோசை எடுக்கவும், சுட்ட கத்தரிக்காயை ஆறுமுன்னே தோலுரிக்கவும் அந்தக் கைதான். ஆனாலும் சத்தம் தாங்காமல் அவளே ஒருநாள் கிட்டாரைப் பரணில் ஏற்றினாள். தெரு நிம்மதியாகத் தூங்கியது.

இரண்டு மாதம் கழித்து, கத்தரிக்காயைத் தொட்டவர் அலறினார். அந்த வீட்டிலிருந்து சுருதி சுத்தமாக வந்த முதல் சத்தம் அதுதான். பதறி ஓடினேன்.

சண்முகவடிவு பரணுக்கு ஏணி சாத்திக்கொண்டிருந்தாள்.

"விரலு பூவாட்டம் ஆயிப்போச்சு. ஒழுங்கா ஏறி அந்தக் கிட்டார எறக்குங்க!"