கண்ணாடியில் அழித்த ஆள்

இது என் அண்ணிக்கு நடந்தது. அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. "இந்தச் சட்டை எனக்கு எப்படியிருக்கு?" என்று அவரிடம் கேட்டு நொந்துபோனவர்கள் எங்கள் வீட்டிலேயே நாலு பேர் இருக்கிறோம். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் கூட்டவில்லை. இன்னொன்று, பேய் என்றால் நடுராத்திரிதான் வரும் என்று தைரியமாக இருப்பவர்கள் அந்தத் தைரியத்தை இப்போதே மூட்டை கட்டிவிடுங்கள். இது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 10.40-க்கும் மாலை 5.52-க்கும் நடுவில் நடந்தது.

அண்ணிக்குச் சினிமாவில் வேலை. நடிப்பு இல்லை, அழிப்பு. நடிகரைத் தூக்கிப் பிடித்திருக்கும் கம்பி, தவறிப்போய்ப் படத்தில் தலைகாட்டிய மைக், இவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பிரேமாக அழிப்பார். பக்கத்தில் இருக்கும் சுவரைக் கொஞ்சம் எடுத்து, வேண்டாததன் மேல் பூசி மறைக்க வேண்டும். ஒரு நொடிப் படத்துக்கு இருபத்துநாலு பிரேம். ஆபீசில் அவருக்கு 'ரப்பர்' என்று பேர்.

பழைய கம்பெனியில், ஒரு நடிகரின் மூக்குக்கண்ணாடியில் தெரிந்த கேமராவை அண்ணி கவனிக்காமல் விட்டுவிட்டார். அது தியேட்டர் வரை போய், கூடவே வேலையும் போனது. புது இடத்தில் மூன்று மாதச் சோதனை. அண்ணனும் வேலையில்லாமல் வீட்டில் இருந்த நேரம். இதுவும் போனால் குடும்பம் நடுத்தெருவில்தான்.

படம், ரத்தம் குடிக்கும் பிரபுவின் கதை. பழைய நாவல். அதைப் படமாக எடுக்காத தலைமுறை இல்லை. யார் எடுத்தாலும் ஒரு காட்சியை மட்டும் விடமாட்டார்கள். பிரபு கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்பார், கண்ணாடியில் அவர் மட்டும் தெரியமாட்டார்.

சூப்பர்வைசர் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

"கண்ணாடி ஷாட். முன்னூத்திப் பன்னெண்டு பிரேம். ஆறு மணிக்குள்ள சுத்தமா வேணும். இது சரியா வந்தா வேலை நிரந்தரம்."

எதை அழிக்க வேண்டும் என்று அண்ணி கேட்கவில்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே, பிரபுவின் பிம்பத்தைத்தான்.

நிறம் தப்பாகத் தெரியக்கூடாது என்று ஜன்னலே வைக்காத அறை அது. சுவரெல்லாம் கறுப்பு. அண்ணி கதவைச் சாத்திக்கொண்டு ஷாட்டைத் திறந்தார். கதாநாயகி நம்மைப் பார்த்து உட்கார்ந்து தலை வாருகிறாள். பக்கத்தில் பிரபு, கறுப்புக் கோட்டும் கையுறையுமாக, நம்மைப் பார்த்து நிற்கிறார். பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதில் அவளுடைய முதுகும் பின்கழுத்தும் தெரிந்தன. இடது ஓரத்தில் ஓர் ஆளும் தெரிந்தான்.

10.40. அழிக்க ஆரம்பித்தார்.

நாற்பதாவது பிரேமில் கை நின்றது. கண்ணாடியில் இருந்தவன் கையில் கையுறை இல்லை. தனித்தனியாக எடுத்த ரெண்டு டேக்கை ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

தொண்ணூறு தாண்டியதும் இன்னொன்று. முன்னால் பிரபு அசையாமல் நிற்கிறார். கண்ணாடியில் இருந்தவன் நடக்கிறான்.

12.20. போனை எடுத்தார். 'இதைக்கூடக் கேக்கணுமா?' என்று சூப்பர்வைசர் கேட்டால்? வைத்துவிட்டார். அவருக்குப் பேயைவிட வேலை போவதுதான் பயம்.

1.15. ஒரு சத்தம்.

டக்...

அடுத்த பிரேமுக்குப் போக பட்டனை அழுத்தினால், டக். அழுத்தாவிட்டால் சத்தமில்லை. மரத்தரையில் செருப்பு படும் சத்தம். அந்த ஷாட்டில் ஒலியே கிடையாது. ஸ்பீக்கரும் அணைந்திருந்தது.

இருநூற்று ஒன்று. அவன் முகம் திரும்பியது. அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. பிரபு நம்மைப் பார்த்து நின்றால், பின்னால் இருக்கும் கண்ணாடியில் முதுகுதானே தெரிய வேண்டும்?

இருநூற்று நாற்பது. அவன் கை, கண்ணாடியில் இருந்தவளின் பின்கழுத்தில் விழுந்தது. அவள் தோள் குலுங்கியது. முன்னால் கதாநாயகி சிரித்துக்கொண்டே தலை வாரினாள்.

அந்தக் கையை அழித்தார். கை விலகிய இடத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள்... அவற்றையும் அழித்தார்.

டக்...

இப்போது அவன் கேமராவைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தான்.

அண்ணி நாற்காலியை இடப்பக்கம் தள்ளினார்.

அடுத்த பிரேம். அவன் கண்ணும் இடப்பக்கம்.

டக்...

டக்...

முன்னூற்றுப் பன்னிரண்டு. கண்ணாடி முழுக்க முகம்.

அழித்தார்.

5.52.

ஆறு மணிக்கு சூப்பர்வைசர் வந்து ஷாட்டை ஓட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரி. அந்த சாக்பீஸ் கோடு அப்படியே இருக்கே?"

"எந்தக் கோடு சார்?"

"சுவத்துல, ஓரத்துல, செட் ஆளுங்க அடையாளத்துக்குப் போட்டது. அதைத்தானே எடுக்கணும்? அரை மணி நேர வேலை. பகல் பூரா என்ன பண்ணே?"

"பிரபுவோட பிம்பத்தை..."

"பிம்பமா? அங்க கண்ணாடியே கிடையாதும்மா."

வெறும் மரச்சட்டம்தானாம். அதற்குப் பின்னால் அதே அறையை இன்னொரு தடவை கட்டி, அதே உடையில் ஒரு டூப் பெண்ணை முதுகு காட்டி உட்கார வைத்திருக்கிறார்கள். பிரபுவின் பிம்பம் விழவே கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு.

"அந்த ரூம்ல அந்தப் பொண்ணு மட்டும்தான் இருந்துச்சு" என்று சொல்லி, அவர் அசல் படத்தையும் ஓட்டினார். காலியான அறை. அவள் ஒருத்திதான் இருந்தாள்.

அண்ணி திரும்ப உட்கார்ந்து கோட்டை அழித்துக் கொடுத்தார். வேலை நிரந்தரமானது. வீட்டில் யாரிடமும் சொல்லாமல், நாலு நாள் விளக்கைப் போட்டுக்கொண்டே தூங்கினார்.

ஐந்தாம் நாள், சனிக்கிழமை 11.30. ஆபீசுக்கு ஒருவர் வந்தார். அந்த டூப் பெண்ணின் அண்ணன்.

"என் தங்கச்சி நடிச்ச ஷாட்டை ஒரு தடவை பாக்கலாங்களா? பின்னாடி யாரோ வந்தான், கழுத்தைத் தொட்டான்னு சொல்லிட்டே இருந்தா. அசையாம உக்காரத் தெரியாததுக்குச் சாக்கு சொல்றான்னு செட்ல சிரிச்சாங்களாம். நானும் நம்பல."

"இப்ப எப்படி இருக்காங்க?" என்று அண்ணி கேட்டார்.

"போன மாசம் இறந்துட்டா. உடம்புல ரத்தமே இல்லன்னாங்க. எங்க போச்சுன்னு ஒரு டாக்டரும் சொல்லல."

சூப்பர்வைசர் அசல் படத்தை ஓட்டினார். அவளைத் தவிர காலியான அறை. அந்த மனிதர் இரண்டு தடவை பார்த்தார். பிறகு, "அப்ப அவ பொய்தான் சொல்லியிருக்கா" என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்தார்.

இப்போதும் அண்ணி பேசாமல் இருந்திருக்கலாம். பேசினால் பைத்தியம் என்று பேர் வரும், வேலையும் தங்காது. அந்த ஆள் தங்கச்சியைப் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"இருங்க."

செவ்வாய்க்கிழமை வேலை செய்த கோப்பைத் திறந்தார். அழிக்கும்போது பூசிய பூச்செல்லாம் அதில் தனியாக ஓர் அடுக்கில் இருக்கும். கீழே இருந்த படத்தை மறைத்துவிட்டு, அந்தப் பூச்சை மட்டும் ஓட்டினார்.

கறுப்புத் திரையில், சுவர் நிறத்தில் ஒரு நெட்டை மனுஷன். ஓரத்திலிருந்து நடந்தான். கையை நீட்டினான். ஒரு கழுத்தின் உயரத்தில் அந்தக் கை நின்றது. பிறகு அவன் இவர்கள் பக்கம் திரும்பி, பெரிதாகிக்கொண்டே வந்தான்.

சூப்பர்வைசர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அந்த அண்ணன் மட்டும் அசையவில்லை.

"இது... நீங்க வரைஞ்சதாம்மா?"

"இல்லைங்க" என்றார் அண்ணி. "நான் அழிச்சது."