செய்கிறவன் பேர் இல்லாத உத்தரவு

கோயமுத்தூர் மில் ஒன்றில் அப்போது நான் குமாஸ்தா. வெள்ளைக்காரத் துரை இங்கிலீஷில் எழுதும் உத்தரவுகளைத் தொழிலாளர்களுக்குத் தமிழில் வாசிப்பது என் வேலை. அவர் எழுத்தில் எல்லாமே ‘டு பி’ தான். டு பி டிஸ்மிஸ்டு, டு பி ரிமூவ்டு. நீக்கப்பட வேண்டும், அகற்றப்பட வேண்டும் என்று வாசிப்பேன். செய்கிறவன் பேர் மட்டும் இருக்காது. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

வேலைநிறுத்தத்தின்போது பெண்கள் மில் வாசலை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். “கூட்டம் அகற்றப்பட வேண்டும்” என்று வாசித்தேன். வாய் மூடுவதற்குள் மில்லின் அடியாட்கள் தடிகளோடு பாய்ந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒருத்திக்கு மண்டை உடைந்தது. கண்ணில் ரத்தம் வழிய என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்க, எங்களை அடிக்கச் சொன்னது ஆருங்க?”

மண்டை பிளந்தும் அவள் பேச்சில் மரியாதை குறையவில்லை. மாடியில் நின்ற துரையைக் கை நீட்டிக் காட்டினேன்.

“அதா நிக்கறாரே, அந்தத் துரைதானுங்க அம்மணி. படிச்சுக் காட்டுனது நானுங்க.”

அடுத்த அடி என் தலையில் விழுந்தது. அவள்தான் முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள்.

மறுநாள் என்னை நீக்கும் உத்தரவு வந்தது. டு பி டிஸ்மிஸ்டு. அதை வாசிக்க மில்லில் வேறு ஆள் இல்லை. தலைக்கட்டோடு வாசலில் நின்று நானே வாசித்தேன், துரையின் பேரையும் சேர்த்து.